காந்தலை இடித்துக் கட்டினால் எத்தனை குடும்பத்துக்கு வீடு மிஞ்சும்?

கோவையில் கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஊட்டி காந்தல் பகுதி எப்படி உருவானது? சென்னையில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் அடுக்குமாடி கட்டித் தருகிறார்களே, காந்தலில் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?"

நான் காந்தலில் பிறந்தவன். முப்பது வருடத்துக்கும் மேலாக ஊட்டியில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரலாறு. 1819இல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மேலே வந்ததிலிருந்துதான் எல்லோரும் ஊட்டியின் கதையைத் தொடங்குவார்கள். 1822இல் கல் பங்களா வேலை ஆரம்பித்தது, அடுத்த சில வருடங்களில் ஏரி வந்தது, 1830 வாக்கில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் எழுந்தது. அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்த தேக்கு. வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளிடம் தவறாமல் சொல்வது இது. மைசூர்ப் பக்கமிருந்து அந்த மரத்தை மலையேற்றிய ஆட்கள் அதோடு திரும்பிப் போய்விடவில்லை. கல் உடைக்க, சுண்ணாம்பு சுமக்க, தச்சு செய்ய வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். கட்டி முடித்த பங்களாவுக்கும் சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர், தோட்டக்காரர், சலவைக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. கோவை, சேலம் பக்கமிருந்தும் மைசூரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தார்கள். வேறு வேறு மொழி பேசியவர்கள் ஒரே சந்தில் குடியிருந்தார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் சண்டை தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவதுண்டு.

இவர்கள் எங்கே குடியேறினார்கள் என்பதில்தான் உங்கள் படிப்புக்கான பாடம் இருக்கிறது. ஊட்டி வரைபடத்தை எடுத்து, பழைய பங்களாக்களை ஒரு வண்ணத்திலும் நெருக்கமான குடியிருப்புகளை வேறொரு வண்ணத்திலும் குறித்துப் பாருங்கள். பங்களாக்கள் எல்லாம் மேட்டில், காலை வெயில் விழும் சரிவில் இருக்கும். மார்க்கெட், காந்தல் போன்ற இடங்கள் பள்ளத்தில் இருக்கும். மலையில் பள்ளம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? குளிர்காற்று கனமானது, இரவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் செய்தித்தாளில் "ஊட்டியில் உறைபனி" என்று வெள்ளைப் புல்வெளியைப் படமாகப் போடுவார்கள் அல்லவா? அந்தச் செய்தியில் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் இவற்றோடு காந்தலின் பெயரும் வரும். பனி மட்டுமா, மழைத்தண்ணீரும் சாக்கடையும் பள்ளத்துக்குத்தான் வரும். மேட்டில் இருப்பவர் வேண்டாமென்று விட்டதெல்லாம் வந்து சேரும் இடம் அது. ஏழைகளுக்குப் பள்ளம் என்று யாராவது உத்தரவு போட்டார்களா என்று தேட வேண்டாம். நல்ல இடமெல்லாம் எடுத்த பிறகு மிச்சம் இருந்தது அதுதான்.

1866இல் ஊட்டி நகராட்சி ஆனது. 1870இலிருந்து சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரும் ஆனது. கவர்னர் வந்தால் அவரோடு ஓர் அரசாங்கமே வரும், சீசனுக்கு ஆள் தேவை பல மடங்காகும். 1899இல் குன்னூர் வரை வந்த ரயில் 1908இல் ஊட்டிக்கு வந்தது. பாதை போட வந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் என்று காந்தல் நிரம்பியது. நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களும் இங்கே உண்டு. குருசடிக் கோயில் வந்தபின் வெளியூர்க்காரர்களுக்குக் காந்தல் என்றால் குருசடி என்று ஆகிவிட்டது. இயேசுவைச் சுமந்த சிலுவையின் ஒரு துணுக்கு அங்கே இருப்பதாக நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு எந்த மதத்துக்காரர் வருகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசு தேயிலை நிறுவனம் ஆனது. கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் பெரும்பாலோர் குடியேறினார்கள். தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் எல்லாம் கேரட் வயலுக்கும் கட்டட வேலைக்கும் நகரத்துக்கும் வந்தார்கள். ஏற்கெனவே நெருக்கமான சந்துகளில் இன்னொரு அறை முளைத்தது.

இரண்டாவது, இந்து நகரில் வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தி தொடங்கிய பொதுத்துறை ஆலை. என் சித்தப்பா அங்கே இருட்டறையில் வேலை பார்த்தார். பிலிம் மேல் வெளிச்சம் படக்கூடாது என்பதால் சுவரைத் தொட்டுத் தொட்டே நடப்பார்களாம். வீட்டில் கரண்ட் போனால் அவர் மட்டும் தடுமாறாமல் அடுப்படிக்குப் போய் மெழுகுவத்தி எடுத்து வருவார். அந்த ஆலைச் சம்பளத்தில்தான் காந்தலில் தகரக் கூரை பல இடங்களில் கான்கிரீட் ஆனது. மாதச் சம்பளம், சொசைட்டி கடன், போனஸ் என்று வந்தபோது முதல் மாடி எழுந்தது. இதைச் சொல்லக் காரணம், வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் காந்தலை ஏதோ திட்டமில்லாமல் வளர்ந்த குப்பை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கணக்கு உண்டு. எந்த வீட்டில் எந்த வருடம் மாடி வந்தது என்று கேட்டால் யார் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தது என்று தெரிந்துவிடும்.

பிறகு எல்லாம் இறங்குமுகம். ஆலை நஷ்டத்தில் விழுந்து, டிஜிட்டல் கேமரா வந்தபின் எழுந்திருக்கவே முடியாமல் மூடிப்போனது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். 2001இல் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டமும் பெருகிக்கொண்டிருந்தபோது இந்த மாவட்டம் சுருங்கியது. ஆனால் காந்தலில் வாடகை சுருங்கவில்லை! ஏனென்றால் போனவர்களின் இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது. டிரைவர், லாட்ஜ் ஊழியர், கடைப்பையன் எல்லோருக்கும் நகரத்துக்குள் நடந்து போகும் தூரத்தில் அறை வேண்டும். கொஞ்சம் வசதியான வீட்டுக்காரர் மேல்மாடியைக் "காட்டேஜ்" என்று சீசனுக்கு விடுகிறார். இரண்டு நாள் வாடகையில் ஒரு மாத வாடகை வருகிறபோது அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இடித்துக் கட்டலாமா?

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்ததிலிருந்து சென்னையில் நடப்பது இதுதான் (2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது). பழைய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடத்தை இடிப்பார்கள், அங்கே அதைவிட உயரமாகக் கட்டுவார்கள். பழைய குடும்பங்களுக்கு முன்பைவிடப் பெரிய வீடு கிடைக்கும், கூடுதலாகச் சில வீடுகளும் மிஞ்சும். அந்தத் திட்டம் நிற்பதே உயரத்தின் மேல்தான். நீலகிரியில் அந்த உயரம் கிடையாது. 1993 மாஸ்டர் பிளான் வந்ததிலிருந்து இங்கே கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது 23 அடி. தரைத்தளம், மேலே ஒரு மாடி, அவ்வளவுதான்.

காந்தலில் ஏதாவது ஒரு சந்து, அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் அளந்த பல சந்துகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 15 சென்ட் நிலம். அதில் முக்கால் சென்ட் வீதம் 20 வீடு. கீழே அப்பா அம்மா, மேலே கல்யாணமான மகன் என்று பாதி வீடுகளில் இரண்டு குடும்பம். ஆக 30 குடும்பம். இப்போது அதை முழுவதும் இடித்துவிட்டுச் சட்டப்படி கட்டுங்கள். 15 சென்ட் என்பது சுமார் 6,530 சதுர அடி. பக்கத்தில் விட வேண்டிய இடம், பாதை, வடிகால், தடுப்புச் சுவர் எல்லாம் போக, பாதி நிலத்தில் கட்டடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு தளம் சேர்த்து மறுபடியும் 6,530 சதுர அடி. மாடிப்படி, நடை, பொதுச்சுவர் என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 5,200 சொச்சம். ஒரு வீடு 400 சதுர அடி என்றால் 13 வீடு.

30 குடும்பம் இருந்த இடத்தில் 13 வீடு. மீதி 17 குடும்பம் எங்கே போகும்? காந்தலை இடிக்கச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதைத்தான். "ஊருக்கு வெளியே கட்டிக் கொடுக்கலாமே" என்பார்கள். ஊட்டியில் ஊருக்கு வெளியே என்றால் ஒன்று காடு, இல்லை தேயிலை, இல்லை கேரட் வயல், இல்லை செங்குத்துச் சரிவு. அங்கே பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டினால்தான் சமதளம் கிடைக்கும்.

சரிவை வெட்டுவது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், கட்டடக்கலை படிப்பவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். இங்கே அடியில் இருப்பது சார்னோகைட் பாறை, நல்ல கெட்டி. அதற்கு மேல் பல அடி ஆழத்துக்குச் செம்மண். மழை பெய்தால் மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், பாறைக்குள் தண்ணீர் இறங்காது. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் நின்று அழுத்தம் கூடும்போது மேலே இருப்பதெல்லாம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். சரிவின் அடிப்பகுதியை வெட்டி வைத்திருந்தால் அதற்கு முட்டுக்கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. 2009 நவம்பரில் மூன்று நாள் மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாவட்ட நிர்வாகம் அபாயப் பட்டியலில் வைத்திருக்கும் இடங்கள் மட்டும் 283. அனுமதி இல்லாமல் பொக்லைன் ஓட்டக் கூடாது என்று இங்கே தடை இருப்பது இதனால்தான். பள்ளத்தில் இருப்பதால் காந்தலுக்குள் வெள்ளம் வரும், ஆனால் நகரத்தைச் சுற்றிப் புதிதாக வெட்டிய சரிவுகளில் இருப்பதுபோல வீடே உருண்டு போகும் பயம் பெரும்பாலான சந்துகளில் கிடையாது. கால் நனையும் இடத்திலிருந்து மண் மூடும் இடத்துக்கு மாற்றுவதை முன்னேற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, குளிர். வரிசை வீடுகளைப் பார்த்தால் உங்களுக்குக் காற்றோட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை என்றுதான் தோன்றும். உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் இருப்பதால் பக்கத்து வீட்டு அடுப்புச் சூடு நமக்கும் வரும். நாலு பக்கமும் காற்றுப் படுகிற தனிக் கான்கிரீட் கட்டடத்தில், ஜனவரி இரவில், ஹீட்டருக்குக் கரண்ட் பில் கட்ட முடியாத குடும்பம் எப்படித் தூங்கும்? சமவெளியில் வரைந்த மாதிரிப் படத்தை அப்படியே மேலே கொண்டுவந்து கட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரெல்லாம் கரும்பூஞ்சை.

அப்படியானால் காந்தல் இப்படியே இருக்கட்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. எங்கள் பகுதிக்கு வேண்டியது மூன்று. அதில் மேலே தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை, திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டவும் ஏற்றதில்லை. அதனால்தான் தாமதமாகிறதோ என்னவோ.

முதலாவது தண்ணீர் போகும் வழி. நகரத்தின் நடுவே கோடப்பமந்து கால்வாய் ஓடி ஏரியில் விழுகிறது. (கோடப்பமந்து, மார்லிமந்து என்று ஊட்டிக்குக் குடிநீர் தரும் இடங்களின் பெயரில் வரும் "மந்து" தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஆட்கள் விலகிப்போன பிறகும் ஊர் அவர்கள் பெயரில்தான் தண்ணீர் குடிக்கிறது.) ஏரியும் ஆரம்பத்தில் இருந்த அளவில் இல்லை. இன்றைய பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடங்கள். தண்ணீர் பரவி நிற்கும் இடத்தைச் சுருக்கிவிட்டால் அது வேறு பள்ளம் தேடும். கனமழை நாளில் காந்தல் கஸ்தூரிபாய் காலனியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று செய்தி வரும்போது, அந்தக் காலனிக்காரர் கால்வாயை ஆக்கிரமித்ததால்தான் என்று உடனே ஒரு குரல் கிளம்பும். மேலே எத்தனை ஏக்கர் புல்வெளி சிமென்ட் ஆனது என்று யாரும் அளப்பதில்லை. நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் காந்தலில்தான் இருக்கிறது. ஊர்ச் சாக்கடை முழுக்க எங்கள் வாசல் வழியாகப் போகும்போது எங்கள் சந்துக்கு ஒழுங்கான இணைப்பு வேண்டும் என்று என் அம்மா மனு எழுதிக்கொண்டே இருந்தார். அவர் காலத்துக்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே முதல் செலவு வடிகாலுக்கு. சந்துகளுக்கு அடியில் ஓடும் பழைய கல் சாக்கடைகளை அகலப்படுத்தி, மேலே மூடி, ஒவ்வொரு வீட்டையும் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பது. தடுப்புச் சுவர்களில் தண்ணீர் வெளியேறத் துளை விடுவது. இந்தத் துளையை மேஸ்திரிகள் விடுவார்கள், வீட்டுக்காரர் "அசிங்கமா இருக்கு" என்று பூசிவிடுவார், ஐந்தாவது வருடம் சுவர் வயிறு தள்ளும். நெடுஞ்சாலைத் துறை இப்போது சில சரிவுகளில் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் அடித்து, வலை போட்டு, மேலே புல் வளர்க்கிறது. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் செங்குத்து மண்ணுக்கும் அது ஏற்றது.

இரண்டாவது பட்டா. இதுதான் பெரிய முடிச்சு. நான்கு தலைமுறை குடியிருந்து, வீட்டுவரி கட்டி, கரண்ட் இணைப்பு வாங்கியவரிடம்கூட நிலத்துக்குக் காகிதம் இருக்காது. மலைப்பகுதிகளில் அரசு நிலத்தைத் தனிநபருக்கு ஒப்படை செய்வதை, அதாவது பட்டா போட்டுக் கொடுப்பதைத் தடுத்து 1989இல் வந்த 1168ஆம் எண் அரசாணை காட்டையும் சரிவையும் காப்பாற்ற வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் நூறு வருடமாகக் குடியிருக்கும் நகரத்துச் சந்துக்காரரையும் போன மாதம் புல்வெளியை வளைத்தவரையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை. தானே வீடு கட்டிக்கொள்பவருக்குப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் மானியமும் கிடைக்காது. வரைபட அனுமதியும் கிடைக்காது. அனுமதி இல்லாததால் இரவோடு இரவாகக் கட்டுகிறார்கள். இரவில் கட்டும் தூணுக்குக் கம்பி சரியாக இருக்குமா? என்னிடம் வந்து "சார், பிளான் வேண்டாம், எத்தனை கம்பி போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டவர்கள் நிறைய. சொல்லியிருக்கிறேன். தப்புதான், ஆனால் சொல்லாவிட்டால் அவர் கட்டாமல் இருக்கப் போவதில்லை.

மூன்றாவது, சாமான் கொண்டுபோக வழி. சந்துக்குள் ஆட்டோ போகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வந்த செங்கல்லும் எம்சாண்டும் தெருமுனையில் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாக வீட்டுக்குப் போக வேண்டும். சில வீடுகளுக்குச் சாமான் விலையும் சுமைக்கூலியும் சரிக்குச் சரி ஆகிவிடும். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டை நகராட்சி விலைக்கு வாங்கி அகற்றினால் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரும் அளவுக்குப் பாதை கிடைக்கும். அந்தப் பத்தில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் பக்கத்திலேயே வேறிடம் தேட வேண்டும். பத்தில் ஆறு பேரை அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பக்கத்தில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். நகரத்தின் நடுவே 52 ஏக்கர் பந்தய மைதானம் குத்தகைப் பாக்கி தகராறுக்குப் பிறகு 2024இல் அரசு கைக்கு வந்தது. பூங்கா வரப்போகிறது. அது தாழ்வான, தண்ணீர் நிற்க வேண்டிய நிலம், அங்கே வீடு கட்டச் சொல்லி நான் கேட்க மாட்டேன், தண்ணீருக்கே விடட்டும். ஆனால் நகரத்துக்குள் பழுதாகிக் கிடக்கும் அரசுக் குடியிருப்புகள், யாரும் குடியில்லாத குவார்ட்டர்ஸ்கள் எத்தனை என்று நடந்து எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்திய மண் அது. புதிதாக ஒரு சரிவையும் தொட வேண்டியதில்லை.

நகராட்சி மார்க்கெட்டில் பழைய கடைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை, கடை வேறு, வீடு வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021இல் வாடகைப் பாக்கிக்காக அங்கே நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். அதைப் பார்த்த வியாபாரிக்குப் புதுக் கட்டடத்தின் அழகைவிட அதன் வாடகைதான் கண்ணில் தெரியும். காந்தலிலும் புதுவீடு என்று யாராவது பேச்செடுத்தால் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டணும்?" உங்கள் ஆய்வில் அந்தக் கேள்வியை முதல் பக்கத்தில் வையுங்கள்.

நேரில் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் வேண்டாம், இ-பாஸ் எடுத்து, நெரிசலில் சிக்கி, பூத்த செடிகளைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். நவம்பரில், நல்ல மழை நாளாகப் பார்த்து வாருங்கள். கோடப்பமந்து பக்கத்தில் தொடங்கி, கால்வாயை ஒட்டியே நகரத்தைக் கடந்து ஏரி வரைக்கும் நடந்து, அங்கிருந்து காந்தல் முக்கோணம் என்கிற சந்திப்புக்கு வாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தில் டீ குடித்துவிட்டுச் சந்துக்குள் இறங்கலாம், நானும் வருகிறேன். அளவு நாடா என்னிடம் இருக்கிறது. ரப்பர் செருப்பு மட்டும் போட்டு வாருங்கள், ஷூ ஊறிப்போகும்.